நாரா நகரில் ஒரு முழு நாள்: காலை முதல் இரவு வரை பார்க்கவும் உண்ணவும் முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்பவர்களில் பலர் நாராவுக்கு அரை நாளே ஒதுக்குகிறார்கள். கியோத்தோவிலோ ஒசாகாவிலோ தங்கிக்கொண்டு, காலை பத்து மணிக்கு மேல் ரயிலேறி வந்து, மான்களுக்குத் தீனி கொடுத்து, பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிறார்கள். நகரத்தில் நெரிசல் உச்சத்தில் இருப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரமாக இருந்த ஓர் ஊரை அப்படிப் பார்ப்பது பெரிய இழப்பு. காலை எட்டு மணிக்கு முன்பே வந்து, இரவு உணவையும் இங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புபவருக்கு மட்டுமே நாரா தன்னைக் காட்டும். கீழே உள்ள திட்டம் அப்படிப்பட்ட ஒரு நாளுக்காக எழுதப்பட்டது.

முதலில் ஊரின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. ரயில் நிலையங்கள் மேற்கில் இருக்கின்றன. கிழக்கே போகப் போக நிலம் மெல்ல உயர்ந்து, வகாகுசா குன்றிலும் கசுகா மலையின் காட்டிலும் போய் முடிகிறது. வடகிழக்கில் தோதாய்ஜி கோயில், கிழக்கில் கசுகா தைஷா, தென்கிழக்கில் ஷின் யகுஷிஜி, தெற்கில் நராமாச்சி என்னும் பழைய குடியிருப்பு, நடுவில் நிலையத்துக்கு அருகே கோஃபுகுஜி என்று முக்கியமான இடங்கள் ஒரு வட்டத்தில் அமைந்துள்ளன. எனவே காலையில் மேட்டை நோக்கி ஏறி, கடிகார முள் சுற்றும் திசையில் நடந்து, மாலையில் இறக்கத்தில் நகருக்குள் திரும்புவதே சரியான வரிசை. நடை மொத்தம் சுமார் 7 அல்லது 8 கிலோமீட்டர் வரும். பாதி தூரம் மரநிழலில் இருப்பதால் களைப்பு அதிகம் தெரியாது.

சென்று சேர்வது

நாராவில் இரண்டு நிலையங்கள் உண்டு. கிந்தெட்சு நாரா நிலையம் பூங்காவின் வாசலிலேயே இருக்கிறது. ஜே.ஆர். நாரா நிலையத்திலிருந்து பூங்காவின் விளிம்பை அடைய மேலும் பதினைந்து நிமிடமாவது நடக்க வேண்டும். ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வேயின் சுற்றுலாச் சீட்டான ஜே.ஆர். பாஸ் கையில் இல்லாதவர்கள் தயங்காமல் கிந்தெட்சுவைத் தேர்ந்தெடுக்கலாம். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் சுமார் 40 நிமிடமும், கியோத்தோவிலிருந்து சிறப்பு விரைவு ரயிலில் சுமார் 35 நிமிடமும் ஆகும். சிறப்பு விரைவு ரயிலுக்குச் சாதாரணக் கட்டணத்தோடு தனியாக ஒரு கூடுதல் சீட்டும் வாங்க வேண்டும் என்பதையும், கிந்தெட்சு தனியார் ரயில் என்பதால் அதில் ஜே.ஆர். பாஸ் செல்லாது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஜே.ஆர். பாஸ் உள்ளவர்கள் கியோத்தோவிலிருந்து மியாகோஜி விரைவு ரயிலில் சுமார் 45 நிமிடத்தில் வந்துவிடலாம். ஜே.ஆர்., கிந்தெட்சு இரண்டிலுமே இகோகா போன்ற தொடு அட்டைகள் செல்லும்.

கிந்தெட்சுவில் வருபவர்கள் யமாதோ சைதாய்ஜி நிலையத்தைத் தாண்டியதும் சன்னலைப் பார்க்க வேண்டும். ரயில் பழைய அரண்மனை இருந்த வெளியின் ஊடாகவே செல்கிறது. நாராவை நோக்கிச் செல்லும்போது வலப்பக்கம் 1998இல் மீண்டும் கட்டப்பட்ட சுசாக்கு வாயிலும், இடப்பக்கம் தொலைவில் 2010இல் மீண்டும் எழுப்பப்பட்ட தலைமை மண்டபமும் தெரியும். ஒரே நாளில் அந்த வெளிக்கும் நேரம் ஒதுக்க முடியாது என்பதால், இந்தச் சில விநாடிக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

பெரிய பைகளை நிலையத்தில் உள்ள காசுப் பெட்டகங்களில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். வெளியே வந்ததும் நீரூற்றின் நடுவே ஒரு துறவியின் சிலை நிற்கும். அவர் கியோகி (668–749). பெரிய புத்தரை வார்க்க ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பொருளும் உழைப்பும் திரட்டியவர். நாராவாசிகள் ஒருவரையொருவர் சந்திக்கக் குறிக்கும் இடமும் அதுதான்.

காலை 8 மணி: தோதாய்ஜி

நிலையத்திலிருந்து கிழக்கே செல்லும் அகலமான சாலையில் இருபது நிமிடம் நடந்தால் தோதாய்ஜியின் தெற்குப் பெருவாயிலை அடையலாம். பெரிய புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7:30 மணிக்கும், நவம்பர் முதல் மார்ச் வரை 8 மணிக்கும் திறக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும் ஒன்பதரை மணிக்கு முன்பே உள்ளே சென்றுவிட்டால், பிற்பகலில் தோளோடு தோள் உரசி நிற்க வேண்டிய அதே மண்டபத்தில் அமைதியாக அரை மணி நேரம் நிற்கலாம். இந்தத் திட்டத்தில் மாற்றவே கூடாத ஒரு பகுதி உண்டென்றால் அது இந்தக் காலை நேரம்தான்.

வாயிலை விரைந்து கடந்துவிடாதீர்கள். 1199இல் மீண்டும் எழுப்பப்பட்ட இந்த வாயில் சுமார் 25 மீட்டர் உயரமுள்ளது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தூண்களைத் துளைத்துக்கொண்டு ஓடும் குறுக்குச் சட்டங்களின் அடுக்குகள் கூரை வரை மறைப்பில்லாமல் தெரியும். இரு புறமும் 8 மீட்டருக்கு மேல் உயரமுள்ள காவல் தெய்வங்கள் நிற்கின்றன. உன்கெய், கைகெய் என்ற தலைசிறந்த சிற்பிகளும் அவர்களது பட்டறையினரும் 1203இல் 69 நாட்களில் மரத்துண்டுகளை இணைத்து இவற்றைச் செய்து முடித்தனர். காலை வெயில் இன்னும் சாய்வாக இருக்கும்போதே பாருங்கள். கம்பி வலைக்குப் பின்னால் நிற்பதால் உச்சி நேரத்தில் முகங்கள் சரியாகத் தெரிவதில்லை.

மண்டபத்தின் முன்னால் எட்டுப் பட்டை வெண்கல விளக்கு ஒன்று நிற்கிறது. எல்லோரும் புத்தரை நோக்கி விரைவதால் இதைக் கவனிப்பவர் குறைவு. கோயில் தோன்றிய எட்டாம் நூற்றாண்டிலிருந்தே இங்கே நிற்கும் இந்த விளக்கின் பலகைகளில், குழலும் தாளமும் இசைக்கும் போதிசத்துவர்கள் ஆடை பறக்க நிற்கிறார்கள்.

பேரரசர் ஷோமு, பெரியம்மை நாட்டை வாட்டிய ஆண்டுகளுக்குப் பின் 743இல் இந்தப் புத்தரை உருவாக்க ஆணையிட்டார். சுமார் 15 மீட்டர் உயரமுள்ள இந்த வெண்கல உருவம் வைரோசன புத்தர். 752இல் கண் திறக்கும் சடங்கு நடந்தபோது, தூரிகையைப் பிடித்துக் கருவிழியைத் தீட்டியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் 736இல் சீனா வழியாக ஜப்பானுக்கு வந்தவர். தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று எட்டாம் நூற்றாண்டு ஜப்பானியப் பதிவே அவரைக் குறிப்பிடுகிறது. அவர் பிடித்த தூரிகையிலிருந்து நீண்ட கயிறுகள் சென்றன. கூடியிருந்தவர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு பெற்றார்கள். தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. நம் பக்கத்திலிருந்து கடல் கடந்து சென்ற ஒருவர் இந்த முகத்துக்குக் கண் கொடுத்தார் என்பதை அறிந்து அங்கே நிற்கும் தமிழ் வாசகருக்கு, நாரா ஒரு போதும் அந்நிய ஊராகத் தோன்றாது என்று உறுதியாக நம்புகிறேன்.

1180இலும் 1567இலும் போர்த் தீயில் இந்த வளாகம் எரிந்தது. இப்போதுள்ள தலை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வார்க்கப்பட்டது. ஆயினும் புத்தர் அமர்ந்திருக்கும் தாமரை இதழ்களில் சில எட்டாம் நூற்றாண்டுக்குரியவை. அவற்றில் நுண்ணிய கோடுகளால் பொறிக்கப்பட்ட உலகங்களின் படத்தைக் கண்ணருகே பார்க்க உள்ளே ஓர் இதழின் படி வைக்கப்பட்டுள்ளது. இப்போதைய மண்டபம் 1709இல் நிறைவு பெற்றது. அகலம் 57 மீட்டர். முதலில் இருந்தது 86 மீட்டர் அகலம் என்பதை, பின்புறம் வைத்திருக்கும் மாதிரி வடிவத்தைப் பார்த்து உணர்ந்துகொள்ளலாம். அங்கேயே அடியில் துளையிட்ட தூண் ஒன்றும் உண்டு. அதற்குள் நுழைந்து வெளிவருபவருக்கு ஞானம் கிட்டும் என்பது நம்பிக்கை. குழந்தைகள் எளிதாக நுழைந்து வருவார்கள். பெரியவர்கள் தங்கள் தோளின் அகலத்தை எண்ணிப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

நிகட்சுதோ: கூட்டம் ஏறாத மேடை

பெரிய மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் பெரும்பாலோர் வந்த வழியே திரும்புகிறார்கள். நீங்கள் கிழக்கே செல்லும் கற்படிகளில் ஏறுங்கள். பத்து நிமிடத்தில் குன்றின் சரிவில் தூண்கள் தாங்கி நிற்கும் நிகட்சுதோ மண்டபத்தை அடைவீர்கள். இங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. மேடையில் நின்றால் பெரிய புத்தர் மண்டபத்தின் கூரையும் நாரா சமவெளி முழுவதும் காலடியில் விரியும். மார்ச் 1 முதல் 14 வரை ஒவ்வோர் இரவும் துறவியரின் உதவியாளர்கள் பெரும் தீவட்டிகளை இந்த மேடையில் ஏந்தி ஓடுவார்கள். சிதறும் தீப்பொறி தங்கள் மேல் விழுவதை நன்மையாகக் கருதி மக்கள் கீழே திரண்டு நிற்பார்கள். 752இல் தொடங்கிய இந்த நோன்பு, கோயில் எரிந்த ஆண்டுகளிலும் நிற்கவில்லை என்பது தோதாய்ஜியின் பெருமை. அந்த இரண்டு வாரங்களில் வருபவர்கள் இந்தத் திட்டத்தின் மாலைப் பகுதியை விட்டுவிட்டு, இருட்டுவதற்கு முன்பே இங்கே திரும்பி வந்து இடம் பிடிக்க வேண்டும்.

அருகிலுள்ள ஹொக்கெதோ, தோதாய்ஜியில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. சிற்பத்தில் ஆர்வமுள்ளவர்கள் தனிக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று மங்கிய ஒளியில் அமரலாம். மற்றவர்கள் நேரத்தைச் சேமித்துக்கொள்ளலாம். இதைவிட நெருக்கமாகச் சிற்பங்களைப் பார்க்கும் வாய்ப்பு பிற்பகலில் வரும்.

மான்களிடம் நடந்துகொள்ளும் முறை

நாரா பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் திரிகின்றன. கசுகா தைஷாவின் தெய்வம் வெள்ளை மானின் மீது ஏறி வந்தது என்ற ஐதிகத்தால் நூற்றாண்டுகளாக இவற்றை யாரும் துன்புறுத்துவதில்லை. 1957இல் அரசு இவற்றை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. இவை யாருக்கும் சொந்தமான வளர்ப்பு மான்கள் அல்ல, காட்டு விலங்குகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூங்காவில் விற்கும் ஷிகா செம்பே என்ற வட்டத் தட்டைகளை மட்டுமே கொடுக்கலாம். அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் சர்க்கரையில்லாமல் செய்யப்படும் இவற்றின் ஒரு கட்டு சுமார் 200 யென். மான்கள் தலை தாழ்த்தி வணங்குவதுபோல் கேட்கும்; அப்போதே கொடுத்துவிடுங்கள். படம் எடுப்பதற்காகக் காட்டிக் காட்டி இழுத்தடித்தால் சட்டையைக் கடிக்கும், பின்னாலிருந்து முட்டும். தட்டை தீர்ந்ததும் இரு கைகளையும் விரித்துக் காட்டினால் விலகிச் செல்லும். மே முதல் ஜூலை வரை குட்டி ஈன்ற தாய் மான்களையும், இலையுதிர் காலத்தில் இணை தேடும் ஆண் மான்களையும் நெருங்காமல் இருப்பது அவசியம். பிளாஸ்டிக் பைகளையும் வரைபடத் தாள்களையும் வெளியே தொங்கவிடாதீர்கள். பிளாஸ்டிக்கை விழுங்கி மான்கள் இறந்துபோகின்றன. பூங்காவில் குப்பைத் தொட்டிகள் அரிது என்பதால் உங்கள் குப்பையை உங்களுடனேயே எடுத்துச் செல்ல வேண்டும்.

காலை 10:30: கசுகா தைஷா

நிகட்சுதோவிலிருந்து தெற்கே, வகாகுசா குன்றின் அடிவாரத்தை ஒட்டி நடந்தால் அரை மணி நேரத்துக்குள் கசுகா தைஷா வந்துவிடும். 342 மீட்டர் உயரமுள்ள அந்தப் புல்மேட்டில் ஏற ஆசை இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் தேவைப்படும். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க விரும்புபவர்களுக்கு நான் இந்த ஏற்றத்தைப் பரிந்துரைப்பதில்லை. நிகட்சுதோ மேடையிலேயே ஊரைப் பார்த்தாகிவிட்டது.

768இல் நிறுவப்பட்ட கசுகா தைஷா, அக்காலத்தில் அரசையே ஆட்டிவைத்த ஃபுஜிவாரா குலத்தின் கோயில். வழியெங்கும் பாசி படிந்த கல் விளக்குகளும், உள்ளே சிவப்புத் தாழ்வாரங்களில் தொங்கும் வெண்கல விளக்குகளுமாக மொத்தம் சுமார் 3,000 விளக்குகள் உள்ளன. அத்தனையும் காணிக்கையாக வந்தவை. பிப்ரவரி தொடக்கத்திலும், ஆகஸ்ட் 14, 15 ஆகிய நாட்களிலும் மட்டுமே அவை எல்லாம் ஏற்றப்படும். மற்ற நாட்களில் வருபவர்களுக்காக ஓர் அறையை இருட்டாக்கி விளக்குகளை எரியவிட்டிருக்கிறார்கள். அது கட்டணப் பகுதிக்குள் இருக்கிறது. அந்தக் கட்டணம் கொடுக்கத் தகும். ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் முற்றத்தில் உள்ள முதிய விஸ்டீரியா கொடி, தரையைத் தொடுமளவு ஊதாப் பூக்களைத் தொங்கவிடும்.

வழிபாட்டு முறை இங்கே மாறுகிறது. காலையில் பார்த்த தோதாய்ஜி பௌத்தக் கோயில். அங்கே கைகூப்பி வணங்கினால் போதும், கைதட்டக் கூடாது. கசுகா, ஜப்பானின் சொந்த மரபான ஷிந்தோவின் கோயில். வாசலில் கையையும் வாயையும் நீரால் தூய்மைப்படுத்திக்கொண்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்து வணங்குவது வழக்கம்.

கோயிலுக்குப் பின்னால் உள்ள கசுகா மலைக்காட்டில் வேட்டையும் மரம் வெட்டுதலும் 841இலேயே தடை செய்யப்பட்டன. 1998இல் நாராவின் கோயில்களோடு இந்தக் காடும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஒரு நகரத்தின் ஓரத்திலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கோடாலி படாத காடு நிற்பது, கோயில்களுக்கு நிகராக வியக்கத்தக்கது.

நண்பகல்: நாராவில் என்ன சாப்பிடுவது

கடலற்ற மலை நாட்டின் உணவு இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பண்டமும் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

காகி நோ ஹா சுஷி என்பது உப்பிட்ட கானாங்கெளுத்தி அல்லது சால்மன் மீன் துண்டைப் புளிப்புச் சோற்றின் மேல் வைத்து, சீமைப்பனிச்சை மரத்தின் இலையில் பொதிந்து அழுத்திச் செய்யப்படுவது. கடற்கரையிலிருந்து மீன் மலைப்பாதை வழியாக உப்பில் ஊறியே வந்து சேர்ந்ததால் பிறந்த உணவு. இலை மணத்துக்கும் கெடாமல் காப்பதற்கும்தான். அதை நீக்கிவிட்டு உண்ண வேண்டும். சோயா குழம்பு தொட்டுக்கொள்ளத் தேவையில்லை. நிலையத்திலும் கடைத்தெருவிலும் பெட்டிகளில் கிடைக்கும். இதை இரவு ரயிலுக்கும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மிவா சோமென், நாராவுக்குத் தெற்கே உள்ள சகுராய் பகுதியில் கையால் இழுத்து உலர்த்தப்படும் மெல்லிய கோதுமை நூடுல்ஸ். பார்வைக்கு நம் சேமியாவை நினைவூட்டும். கோடையில் பனிக்கட்டியோடு குளிர்ந்து வரும். குளிர்காலத்தில் சூடான சாற்றில் வரும்போது அதற்கு நியூமென் என்று பெயர். காலை முழுவதும் நடந்தபின் இதைப்போல வயிற்றுக்கு இதமான மதிய உணவு இந்த ஊரில் வேறில்லை என்பது என் கருத்து. கசுகா செல்லும் வழியிலும் பூங்காவுக்குள்ளும் உள்ள ஓலைக்கூரைத் தேநீர்க் கடைகளில் நூடுல்ஸ் வகைகள் கிடைக்கும்; பன்னிரண்டு மணிக்கு முன் அமர்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

சாகாயு என்பது வறுத்த தேயிலையை வடித்த நீரில் அரிசியைக் கொதிக்கவைத்த கஞ்சி. தோதாய்ஜித் துறவியரோடு தொடர்புபடுத்தப்படும் இந்த எளிய உணவு, நாராவின் வீடுகளில் காலையுணவாக நெடுங்காலம் இருந்தது. ஊறுகாயோடு உண்ணும்போது, கஞ்சி குடித்து வளர்ந்த எவருக்கும் உடனே பிடித்துப்போகும். கசுகா தைஷா வளாகத்தில் உள்ள தேநீர் விடுதியில் மாதத்துக்கு மாதம் காய் மாறும் மற்றொரு வகைக் கஞ்சி கிடைக்கிறது. நராசுகே என்ற ஊறுகாய், வெள்ளரி வகைக் காய்களை சாக்கே என்ற அரிசி மதுவின் வண்டலில் பல மாதம், சில சமயம் பல ஆண்டுகள் ஊறவைத்து எடுப்பது. மது வாடையும் இனிப்பும் கலந்திருக்கும். மதுவைத் தவிர்ப்பவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும்.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஜப்பானில் சிக்கல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் மீனில் இல்லை. தாஷி என்ற அடிப்படைச் சாற்றில் இருக்கிறது. உலர்ந்த கட்சுவோ மீன் சீவல்களைக் கொதிக்கவைத்து எடுக்கும் அந்தச் சாறு நூடுல்ஸ் குழம்பிலும், மிசோ சாற்றிலும், காய்கறி வேகவைத்த நீரிலும்கூட இருக்கும். "நிக்கு தோ சகானா வா தாபெமாசென்" என்றால் இறைச்சியும் மீனும் உண்ணமாட்டேன் என்று புரிந்துகொள்வார்கள்; ஆனால் அதற்குப் பின்னும் தாஷி சேர்ந்துதான் வரும். ஆகவே "கட்சுவோ தாஷி மோ தாபெமாசென்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. கடற்பாசிச் சாறு மட்டும் பயன்படுத்தும் துறவியர் உணவான ஷோஜின் ரியோரி, தேநீர்க் கஞ்சி, தோஃபு, குசுக் கிழங்கு மாவுப் பண்டங்கள், உப்புச் சோற்று உருண்டை, சிவப்புக் காராமணி சேர்ந்த செகிஹான் சோறு ஆகியவை பொதுவாகக் கைகொடுக்கும். காலையில் கடையொன்றில் இரண்டு சோற்று உருண்டைகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் மதியம் கவலையில்லை; மான்களுக்கு எட்டாத இடத்தில் அமர்ந்து உண்ணுங்கள்.

பிற்பகல் 1 மணி: காட்டுப் பாதையும் பன்னிரண்டு படைத்தலைவர்களும்

கசுகாவிலிருந்து தெற்கே, மரங்கள் கவிந்த மண் பாதை ஒன்று தகாபதாகே என்ற அமைதியான குடியிருப்புக்கு இறங்குகிறது. பழைய நாளில் கோயிலின் பூசகர்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்த வழி இது. சுற்றுலாக் கூட்டம் இங்கே அறவே வராது. பாதையின் முடிவில் இன்னும் சில நிமிடம் நடந்தால் ஷின் யகுஷிஜி.

பேரரசி கோம்யோ தம் கணவரான பேரரசர் ஷோமு நோயிலிருந்து மீள வேண்டி 747இல் எழுப்பியதாகச் சொல்லப்படும் இந்தக் கோயிலில் இப்போது ஒரு தாழ்ந்த மண்டபமே எஞ்சியுள்ளது. உள்ளே மருத்துவ புத்தரைச் சுற்றி, வட்டமான மேடையில், ஆளுயரக் களிமண் படைத்தலைவர்கள் பன்னிருவர் வெளிநோக்கி நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் செய்யப்பட்டவர். மற்ற பதினொருவரும் எட்டாம் நூற்றாண்டினர். தலைமயிர் சிலிர்த்து வாய் பிளந்து கத்தும் பஜரா என்பவரின் முகத்தில் நிறம் போய் மண் தெரிகிறது. அதனாலேயே கோபம் இன்னும் உயிரோடு இருப்பதுபோல் தோன்றும். ஒருமுறை சுற்றி முடித்ததும் இரண்டாவது முறையும் சுற்றுங்கள். நாராவில் ஒரே ஒரு சிற்ப மண்டபத்துக்குத்தான் நேரம் என்று யாராவது சொன்னால் நான் அவரை இங்கேதான் அனுப்புவேன்.

முதியவர்களோடு வருபவர்கள் இந்த நடையைத் தவிர்த்து, கசுகாவிலிருந்து பேருந்தில் நகருக்குத் திரும்பலாம். இரு நிலையங்களையும் பூங்காவையும் இணைக்கும் நகர்ச் சுற்றுப் பேருந்து அடிக்கடி ஓடுகிறது. சக்கர நாற்காலியோடு செல்பவர்களுக்குப் பெரிய புத்தர் மண்டபம் எளிது; நிகட்சுதோவின் படிகளும் கசுகாவின் சரளைக்கல் வழியும் கடினம்.

பிற்பகல் 2 மணி: நராமாச்சி

மேற்கே இருபது நிமிடம் இறங்கினால் நராமாச்சியின் குறுகிய தெருக்கள். ஒரு காலத்தில் கங்கோஜி என்ற பெருங்கோயிலின் வளாகமாக இருந்த நிலத்தில், கோயில் சுருங்கச் சுருங்க வணிகர்களின் வீடுகள் வளர்ந்தன. முகப்பு குறுகியும் உள்ளே நீண்டும், மரச்சட்டச் சன்னல்களோடும் நிற்கும் அந்த வீடுகளில் ஒன்றைக் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறார்கள். வீட்டு இறவாரங்களில் சிவப்புத் துணியால் செய்த சிறு குரங்குகள் சரமாகத் தொங்கும். வீட்டாருக்கு வரும் தீங்கைத் தாமே ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. கங்கோஜியின் எஞ்சிய மண்டபத்தின் கூரையில் பல நிறங்களில் ஓடுகள் தெரியும். அவற்றில் சில, நாராவுக்குத் தெற்கே அசுகா என்ற ஊரில் இருந்த பழைய கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆறாம் நூற்றாண்டு ஓடுகள்.

இந்தப் பகுதியில்தான் இளைப்பாற வேண்டும். யோஷினோ மலைப்பகுதியின் குசுக் கிழங்கு மாவில் செய்த குசு மோச்சியை, வறுத்த சோயா மாவும் கருப்புச் சர்க்கரைப் பாகும் சேர்த்து, யமாதோ (நாரா வட்டாரத்தின் பழைய பெயர்) தேநீரோடு கேளுங்கள். கண்ணாடிபோல் நடுங்கும் அந்தப் பண்டம் முழுச் சைவம். வாங்கிச் செல்ல விரும்புபவர்களுக்கு நாராவின் மை, தூரிகை ஆகியவையும், கொசுவலைத் துணியை அடுக்கித் தைத்த சமையலறைத் துணிகளும் ஏற்றவை. ஜப்பானில் எழுத்துக்கலைக்கான கட்டி மையின் பெரும்பகுதி இந்த ஊரில்தான் செய்யப்படுகிறது. கடைகள் ஐந்து மணிக்கெல்லாம் மூடத் தொடங்கும். திங்கட்கிழமைகளில் பல இடங்கள் திறப்பதே இல்லை.

பிற்பகல் 3:45: கோஃபுகுஜியின் கருவூலம்

கோஃபுகுஜியின் தேசியக் கருவூல மண்டபம் மாலை 5 மணிக்கு மூடும். எனவே நான்கு மணிக்கு முன்பே உள்ளே சென்றுவிடுங்கள். இங்குள்ள அசுரர் சிலை 734இல் செய்யப்பட்டது. மூன்று முகங்களும் ஆறு கரங்களும் கொண்ட, ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இளைஞனின் மெல்லிய உடல். அரக்குப் பூசிய துணிகளை அடுக்கிச் செய்து உள்ளே வெற்றிடமாக விட்டிருப்பதால் எடை மிகக் குறைவு, அதனால்தான் தீ விபத்துகளில் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்ற முடிந்தது என்பார்கள். போர்க்குணமுள்ள அசுரனை நம் புராணங்களில் அறிந்த நமக்கு, புருவம் சுருக்கிக் கைகூப்பி நிற்கும் இந்த முகம் எதிர்பாராத ஒன்று. அவருக்கு அருகிலேயே பறவை முகத்தோடு கருடனும், நெற்றியில் கொம்போடு கின்னரரும் நிற்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை.

வெளியே உள்ள ஐந்து அடுக்குக் கோபுரம் 1426இல் மீண்டும் கட்டப்பட்டது. உயரம் சுமார் 50 மீட்டர். நெடுங்காலப் பழுதுபார்ப்புப் பணிக்காக அது இப்போது முழுவதும் மறைக்கப்பட்டிருக்கிறது. 2030களில்தான் மீண்டும் வெளியே தெரியும். ஏமாற்றமடையாமல், 2018இல் பழைய அளவிலேயே மீண்டும் எழுப்பப்பட்ட நடுப் பொன் மண்டபத்தைப் பாருங்கள்.

மாலை 5 மணிக்குப் பின்

கோயிலின் தெற்கே படிகளில் இறங்கினால் சருசாவா குளம். அதன் மேற்கே சில நிமிட நடையில், சான்ஜோ தெருவின் மூலையில் நகதானிதோ என்ற, பசையரிசியை இடித்துச் செய்யும் மோச்சிப் பண்டக் கடை உள்ளது. இருவர் எதிரெதிரே நின்று மரச் சம்மட்டியால் மின்னல் வேகத்தில் மாவை இடிக்க, இடைவெளியில் ஒரு கை உள்ளே சென்று மாவைப் புரட்டிவிட்டு வரும். இடிக்கும் நேரத்தை அறிவிப்பதில்லை. கூட்டம் கூடினால் இடிக்கப்போகிறார்கள் என்று பொருள். மாசிப்பச்சை இனத்தைச் சேர்ந்த யோமொகி இலை கலந்த பச்சை மோச்சி, உள்ளே இனிப்புப் பயறு, மேலே வறுத்த சோயா மாவு. சூடாக இருக்கும்போதே, கடை வாசலில் நின்றே உண்ண வேண்டும். அறைக்கு எடுத்துச் சென்றால் அதன் மென்மை போய்விடும்.

இரவு உணவை ஆறரை மணிக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நாரா சீக்கிரம் உறங்கும் ஊர். எட்டு மணிக்கு மேல் பல சமையலறைகள் புதிய ஆணைகளை ஏற்பதில்லை. நிலையத்தை ஒட்டிய ஹிகாஷிமுகி கடைத்தெருவிலும் அதன் தெற்கே நீளும் தெருக்களிலும் உணவகங்கள் நெருக்கமாக உள்ளன. அசைவம் உண்பவர்கள் யமாதோ கோழியையோ, கோழியும் காய்களும் பாலில் வேகும் அசுகா நபே என்ற கூட்டுச் சட்டியையோ கேட்கலாம். சைவர்கள் யமாதோ காய்கறிகளை முன்னிறுத்தும் உணவகங்களைத் தேடி, முதல் நாளே தொலைபேசியிலோ விடுதி மூலமாகவோ சொல்லி வைப்பது பாதுகாப்பு. மது அருந்துபவர்களுக்கு ஒரு செய்தி: தெளிந்த சாக்கே வடிக்கும் முறை நாராவின் ஷோரியாகுஜி கோயிலில் தோன்றியதாக இங்குள்ளோர் பெருமையோடு சொல்வார்கள்.

செலவைப் பொறுத்தவரை, ரயில், கோயில் கட்டணங்கள், இரு வேளை உணவு, சிற்றுண்டி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 8,000 முதல் 10,000 யென் வரை வைத்துக்கொண்டால் நெருக்கடியின்றி இருக்கலாம். கோயில்களின் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் ஒவ்வொன்றும் 600 முதல் 1,000 யென்னுக்குள் இருக்கும். சிறிய கோயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் ரொக்கமே கேட்பார்கள் என்பதால் நாணயங்களும் ஆயிரம் யென் தாள்களும் கையில் இருக்கட்டும்.

மழை பெய்யும் நாளில் வரிசையைச் சற்றே மாற்றுங்கள்: காட்டுப் பாதையை விட்டுவிட்டு, தோதாய்ஜிக்கும் கோஃபுகுஜிக்கும் இடையே உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அந்த நேரத்தைச் செலவிடலாம். அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் முற்பகுதி வரை அங்கே ஷோசோயின் கருவூலப் பொருட்களின் ஆண்டுக் கண்காட்சி நடக்கும். அதற்கு முன்பதிவு செய்துகொண்டே வர வேண்டும். திரும்பும்போது கிந்தெட்சு நாரா கடைசி நிலையம் என்பதால் ரயில்கள் இங்கிருந்தே புறப்படுகின்றன. ஐந்து நிமிடம் முன்னதாக நடைமேடைக்குச் சென்றால் அமர இடம் கிடைக்கும். கியோத்தோவுக்குச் செல்பவர்கள் நேரடி ரயில் இல்லாத நேரங்களில் யமாதோ சைதாய்ஜியில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள்.